ஈதலும் ஏற்றலும்

(இல்லறத்தார்க்கும் இளையோர்க்கும் ஒரு பாடம்)



தானம் எத்தனை வகைப்படும் என்று நம் இல்லத்துச் சிறுவர் எவரைக் கேட்பினும், ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் என நான்கையும் தடையின்றிச் சொல்லிவிடுவர். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் ஆகிய இந்நான்கும் நம் முன்னோர் நெடுங்காலமாகப் போற்றிவந்த அறங்கள். ஆயின், "ஒருவர் உனக்கு ஒன்றைக் கொடுத்தால் அதனை எவ்வாறு ஏற்றுக்கொள்வாய்?" என்று வினவினால், சிறுவரேயன்றிப் பெரியோரும் சற்றுத் தயங்குவர். கொடுத்தலைப் பற்றி அறநூல்கள் விரித்துரைக்கின்றன. ஏற்றலைப் பற்றிய பாடமோ பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் திருமணப் பந்தலிலும் வாய்திறந்து சொல்லப்படாமலே கற்கப்படுகிறது. அவ்வாறு கற்றதில் குறை நேர்ந்தால், அக்குறையும் சொல்லப்படாமலே தங்கிவிடுகிறது.

ஆகவே இப்பாடத்தில், கொடையை ஏற்கும் முறை வெவ்வேறு மக்களிடையே எவ்வாறு அமைந்துள்ளது, நம் சோழ நாட்டில் அஃது எவ்வாறு இருந்தது, நம் இல்லங்களில் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் மூன்றினையும் முறையே காண்போம்.

1. ஆதிபகவன் ஏற்ற முதல் ஆகாரம்

விருஷப தேவர் துறவு பூண்டபின் ஆறு திங்கள் உண்ணாநோன்பு கொண்டிருந்தார். நோன்பு முடிந்து ஆகாரத்தின்பொருட்டு ஊர்தோறும் நடந்தார். அவரைக் கண்ட மக்கள் அனைவரும் மகிழ்ந்தனர், ஓடிவந்து வணங்கினர். ஒருவர் மணிகளைக் கொணர்ந்தார். ஒருவர் யானையையும் தேரையும் நிறுத்தினார். கன்னியரைக் கொடுக்க முன்வந்தோரும் உண்டு. பகவானோ அவற்றுள் எதனையும் நோக்காது நடந்தார். இவ்வாறு மேலும் ஆறு திங்களுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. இறுதியில் அஸ்தினாபுரத்தை அடைந்தபோது, அந்நாட்டு அரசன் சோமப்பிரபனின் இளவலாகிய சிரேயாம்சன், முற்பிறப்பில் தான் முனிவர்க்கு ஆகாரம் அளித்ததை நினைவுகூர்ந்து, கரும்பின் சாற்றை உரிய முறைப்படி அளித்தான். பகவான் தம் இரு கைகளையே கலமாக்கி ஏற்றார். அந்நாளே அக்ஷய திருதியை என இன்றும் நாம் கொண்டாடும் நாள்.

இவ்வரலாற்றை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். ஆசிரியர் நோக்கில் இதனுள் ஒரு வினாவை எழுப்புவோம். மணியும் யானையும் கொடுத்த மக்களிடம் குறைந்தது யாது? அன்பு குறையவில்லை, பொருளும் குறையவில்லை. ஏற்பவர்க்கு எது தகும் என்னும் அறிவு ஒன்றே குறைந்தது. தமக்கு எது உயர்ந்ததோ அதுவே அவர்க்கும் வேண்டும் என்று கருதினர். சிரேயாம்சன் அளித்தது விலை மதிப்பில் மிகச் சிறிது. எனினும் ஏற்பவரின் நோன்புக்கு இயைந்தது அதுவே. ஏற்பவரை அறியாத கொடை எத்துணைப் பெரிதாயினும் கொடுத்தவர் கையிலேயே நின்றுவிடும் என்பது இதனால் விளங்கும்.

2. நான்கு உறுப்புகளும் ஐந்து குற்றங்களும்

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் தானத்தின் இலக்கணத்தைக் கூறுகிறது. இருபாலார்க்கும் நலம் பயக்குமாறு தன் பொருளைத் துறத்தலே தானம் என்பது அதன் கருத்து. அதன் சிறப்பு நான்கினால் வேறுபடும்: கொடுக்கும் முறையாகிய விதி, கொடுக்கப்படும் பொருளாகிய திரவியம், கொடுப்போனாகிய தாதா, ஏற்போனாகிய பாத்திரம். இந்நான்கில் பொருள் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரிவது, விலை சொல்லத்தக்கது. ஏனைய மூன்றும் மனத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்தவை. நாமோ பெரும்பாலும் பொருளையே எண்ணிப்பார்த்துவிட்டு நின்றுவிடுகிறோம்.

அவ்வத்தியாயமே விருந்தினர்க்குப் பகுத்தளிக்கும் விரதத்தின் ஐந்து குற்றங்களையும் எண்ணிக் காட்டுகிறது. உயிருள்ள இலை முதலியவற்றின்மேல் உணவை வைத்தல், அவற்றால் மூடுதல், பிறருடையது என்று சாட்டுதல், பிற கொடையாளர்மீது பொறாமை கொண்டு கொடுத்தல், காலம் தவறிக் கொடுத்தல் என்பன அவை. இவற்றுள் பின்னைய இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறாமையால் வரும் மாற்சரியமும், காலம் தவறும் காலாதிக்கிரமமும், உலகெங்கும் கொடைகள் கெடும் இடங்களாக இருப்பதை மேலே காண்போம்.

கொடுப்பதற்குச் செல்வம் வேண்டும் என்று எண்ணவேண்டா. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், தானத்துக்கு எடுத்துக்காட்டாவோரைச் சொல்லும்போது அரசரோடு ஒரு காட்டுப்பன்றியையும் சேர்த்துச் சொல்கிறது. குகையில் இருந்த முனிவரைப் புலியிடமிருந்து காக்க முற்பட்டுத் தன் உயிரை விட்டது அப்பன்றி. கையில் ஒன்றும் இல்லாத விலங்கும் கொடையாளர் வரிசையில் நிற்கிறது.

இனி ஏற்போர் ஒழுக்கத்தை நோக்குவோம். திகம்பர முனிவர் நாளில் ஒருமுறை, நின்றவண்ணம், கையில் ஏற்று, மௌனமாக உண்பர். மனத்துள் ஒரு நியமத்தைக் கொண்டு புறப்படுவர். அது நிறைவேறாவிடின் உண்ணாமல் திரும்புவர். உணவில் மயிரோ சிற்றுயிரோ தென்பட்டால் அப்போதே நிறுத்துவர். ஏற்றபின் கொடுத்தோரைப் புகழ்வதில்லை, கொடாதோரை இகழ்வதுமில்லை. இல்லறத்தாரே எதிர்கொண்டு அழைத்து, உயர்ந்த இருக்கை தந்து, மனம், மொழி, மெய், உணவு ஆகிய நான்கின் தூய்மையையும் தம் வாயால் அறிவிக்கின்றனர். ஈண்டு உயர்ந்த இடம் ஏற்பவருக்கு. பணிந்த இடம் கொடுப்பவருக்கு. உலக வழக்கில் கொடுப்பவன் கை மேலும் ஏற்பவன் கை கீழும் இருக்கக் காண்கிறோம். நம் அறம் அதனை மாற்றி வைத்திருக்கிறது. தாய்லாந்திலும் இலங்கையிலும் பௌத்தத் துறவியர் உணவு ஏற்கும்போதும் இதனையொத்த வழக்கையே காணலாம். அங்கும் துறவி நன்றி கூறுவதில்லை, வாழ்த்தோதுவார். வணங்குபவர் கொடுத்தவரே.

3. பிற நாட்டார் வழக்கங்கள்

துறவியர்க்கு இம்முறை பொருந்தும். இல்லறத்தார் ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கும்போது உயர்வு தாழ்வு என்னும் எண்ணம் புகாமல் காப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஒவ்வொரு மக்களும் ஒவ்வொரு விடை கண்டுள்ளனர்.

ஜப்பானியர் பரிசுப் பொருளை இரு கைகளாலும் கொடுப்பர். இரு கைகளாலும் ஏற்பர். கொடுத்தவர் முன்னிலையில் உறையைப் பிரித்துப் பார்ப்பது அங்குப் பழைய மரபன்று. ஏற்பவர் முகத்தில் ஏமாற்றம் தோன்றினாலும் கொடுத்தவர் அதனைக் காண நேராது. இறப்பு நேர்ந்த வீட்டுக்கு உறவினரும் அயலாரும் பணம் தருவர். இன்னார் இவ்வளவு தந்தார் என அவ்வீட்டார் ஏட்டில் குறித்துக்கொள்வர். பின்னர் ஏறத்தாழப் பாதி மதிப்புள்ள பொருளைத் திருப்பி அனுப்புவர். பாதியைத் திருப்புவதால் ஏற்றவர் கடனாளியாக நிற்பதில்லை. மீதிப் பாதியை வைத்துக்கொள்வதால் கொடுத்தவரின் அன்பும் மறுக்கப்படுவதில்லை. நுண்ணிய ஏற்பாடு அது.

சீனத்தில், கொடுத்தவுடன் கைநீட்டி வாங்குவது அநாகரிகம் எனக் கருதப்படும். இருமுறை மும்முறை மறுத்தபின் ஏற்பதே பண்பு. இதனை அறியாத அயல்நாட்டார், முதல் மறுப்பையே முடிவாகக் கொண்டு பரிசைத் திரும்ப எடுத்துச் செல்வதும் உண்டு. கடிகாரத்தை அங்குப் பரிசாகத் தருவதில்லை. கடிகாரம் தருதல் என்னும் சொல்லும் இறுதிச் சடங்கு செய்தல் என்னும் சொல்லும் ஒலியால் ஒத்திருப்பதே காரணம். நாம் மொய்ப்பணத்தோடு ஒரு ரூபாய் கூட்டி நூற்றொன்று என வைக்கிறோம். ஜப்பானியரும் திருமணத்தில் இரண்டாகப் பிரியாத எண்ணையே விரும்புவர். சீனரோ மங்கல நிகழ்ச்சிக்கு இரட்டைப்படை எண்ணையே நாடுவர். நான்கை மட்டும் விலக்குவர். ஓரிடத்தில் மங்கலமாவது மற்றோரிடத்தில் மங்கலமன்று.

பசிபிக் பெருங்கடலில் நியூகினிக்குக் கிழக்கேயுள்ள தீவினரிடையே குலா என்னும் வழக்கம் உண்டு. மாலினோவ்ஸ்கி என்னும் அறிஞர் 1922-இல் வெளியிட்ட நூலால் அஃது உலகறிந்தது. செந்நிறச் சிப்பி மாலைகள் தீவுதோறும் ஒரு திசையிலும், வெண்ணிறச் சிப்பிக் கைவளைகள் எதிர்த் திசையிலும் சுற்றிவரும். அவற்றைப் பெற்றவர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாகாது. சிறிது காலம் வைத்திருந்து அடுத்தவர்க்கு அளித்தல் வேண்டும். கடல் கடந்து அப்பொருள்கள் செல்வதால் தீவுகளுக்கிடையே நட்பும் நிலைபெறுகிறது.

கனடா நாட்டின் மேற்குக் கரையில் வாழும் பழங்குடியினர் பொட்லாட்ச் என்னும் பெருவிழா நடத்துவர். அவ்விழாவில் தலைவன் தன் செல்வத்தை வந்தோர்க்கெல்லாம் வாரி வழங்குவான். வந்தவர்கள் அப்பொருளை ஏற்பதன்வழி, அவன் பெயருக்கும் உரிமைக்கும் சாட்சிகளாகின்றனர். சேர்த்தவனன்றிக் கொடுத்தவனே அங்குப் பெரியவன். தலைவர்களிடையே ஒருவரை ஒருவர் விஞ்சும் போட்டியும் அதில் புகுந்ததுண்டு. நாம் மேலே கண்ட மாற்சரியம் இதுவே. ஆயினும் அரசு அதனைத் திருத்த முற்படாமல் விழாவையே ஒழிக்கத் துணிந்தது. 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 1921-இல் வில்லேஜ் தீவில் நடந்த விழாவுக்காகப் பலர் சிறை சென்றனர். முகமூடிகளும் விழாப் பொருள்களும் பறிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி அம்மக்களிடம் மீண்டு, 1979-இலும் 1980-இலும் திறக்கப்பெற்ற அவர்களுடைய காட்சிச்சாலைகளில் இடம்பெற்றது. பிறர் கொடை வழக்கத்தை அறியாமல் தீர்ப்புக் கூறுவதால் வரும் தீங்கிற்கு இது தக்க சான்று.

4. நம்மிடையே உள்ள மொய்

தொலைநாட்டு வழக்கங்களைக் கண்ட நாம் இனி நம் பந்தலுக்கு வருவோம். தமிழ்நாட்டுத் திருமணத்தில் ஒரு பெரியவர் மேசையருகே அமர்ந்து, பெயர், ஊர், தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் காட்சியை அறியாதவர் இல்லை. தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியிலும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் இது மொய்விருந்து என்னும் தனி நிகழ்ச்சியாகவே வளர்ந்துள்ளது. ஆடி, ஆவணித் திங்களில் பந்தலிட்டு, அழைப்பிதழ் அச்சிட்டு, பலர் கூட்டாக விருந்து வைத்து மொய் பெறுவர். பெற்றவர், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது அத்தொகையையும் அதன்மேல் தம் பங்காகப் புதிதாக ஒரு தொகையையும் எழுதவேண்டும்.

இவ்வழக்கின் நன்மையை மறுப்பதற்கில்லை. வங்கிக்குச் சென்று பிணை காட்ட இயலாத குடியானவர், ஆழ்குழாய்க் கிணறு அமைக்கவும் மகளுக்கு மணம் முடிக்கவும் இதனால் ஒரே நாளில் முதல் திரட்டினர். கைமாற்றுக்குக் கைமாற்றாக, ஊர் முழுதும் ஒருவர்க்கொருவர் துணை நின்றனர். ஆனால் ஜப்பானியர் பாதியைத் திருப்பிக் கணக்கைத் தணிக்கின்றனர். நாம் கூட்டித் திருப்பிக் கணக்கை வளர்க்கிறோம். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் மொய் காத்திருப்பதில்லை. வட்டிக்கு வாங்கி மொய் எழுதும் குடும்பம், பெற்றது கொடையா, கடனா?

நம் சமுதாயத் திருமணங்களிலும் இதன் நிழல் உண்டு. தமக்கு எழுதப்பட்ட தொகையைத் திருப்பி எழுத இயலாமையால், உடன்பிறந்தாள் மகள் திருமணத்துக்கும் வராமல் உடல்நலமில்லை என்று சொல்லிவிட்ட உறவினரை நாம் அறிவோம். பந்தலில் அவரைத் தேடியவர் பலர். காரணம் அறிந்தவர் சிலர். ஏட்டில் ஒரு வரியைக் காக்கும் முயற்சியில் ஓர் உறவை இழந்தால், அந்த ஏடு எதற்கு?

5. சோழ நாட்டுக் கொடைகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன், தான் கொடுத்தனவும், தன் தமக்கை கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், ஏனையோர் கொடுத்தனவும் கல்லில் பொறிக்கப்பட வேண்டும் என ஆணையிட்டான். அத்தமக்கையாகிய குந்தவை, தாதாபுரத்திலும் போளூரை அடுத்த திருமலையிலும் ஜினாலயம் எடுப்பித்தவர். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்குச் சைவனாகிய இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் அதற்குச் சான்று. திருமலைக் குந்தவை ஜினாலயத்துக் கல்வெட்டில், நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை விளக்குக்குக் கொடை அளித்த செய்தி உள்ளது. பேரரசியின் பெயரால் அமைந்த ஆலயத்தில் ஒரு வணிகப் பெண்மணியின் பெயரும் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. பெயர் பொறித்தல் அக்காலத்தில் கொடைக்குக் காவலாயிற்று. அறத்தைப் பிற்காலத்தார் சிதைக்காமல் தடுத்தது. இன்றோ குழல்விளக்கின் ஒளி மறையுமளவுக்கு 'உபயம்' எழுதுகிறோம். ஒளிக்காகக் கொடுத்த விளக்கில் ஒளிக்கே இடமில்லை.

இந்நாட்டின் மற்றொரு சான்று, ஏற்பவர் நோக்கில் மிகச் சிறந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் பல சத்திரங்களை அமைத்தனர். 1799-இல் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றபின், இவ்வறங்கள் நின்றுவிடலாகாது என்று இரண்டாம் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் நடப்பன யாவை என்பதை அக்கடிதத்தில் விளக்கினார். எக்குலத்தார் வரினும் உணவு உண்டு. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதார்க்கு அரிசியும் பண்டங்களும் தனியே அளக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதார் எவரேனும் உளரோ என அழைப்பர். நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருத்துவமும், மகப்பேறுற்ற பெண்டிர்க்குத் துணையும், பெற்றோரற்ற சிறுவர்க்குக் கல்வியும் கிடைத்தன. அடுத்த ஆண்டில், 1802-இல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது.

அந்த அரிசியையும் நள்ளிரவு மணியையும் எண்ணிப்பாருங்கள். வந்தவர் தம் ஒழுக்கத்தை விட்டுக்கொடுத்தே உண்ணவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பசித்தவர் கதவைத் தட்டிக் கெஞ்சவேண்டியதும் இல்லை. சத்திரமே அவரை அழைத்தது. நால்வகைத் தானத்தில் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் நிகழ்ந்ததையும் காண்க.

இதே காவிரி நாட்டின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அறுவடைக் களத்தில் பொலி அளந்தபின் தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்குச் சுதந்திரம் என்னும் பெயரால் நெல் அளக்கப்பட்டது. ஆண்டு முழுதும் செய்த பணிக்கு உரிய பங்கு அது. பண்ணையாளுக்கு அளந்த நெல்லும் அத்தகையதே. ஆயினும் கொடுத்த மிராசுதார் பலர் அதனைத் தம் கருணையாகப் பேசினர். பெற்றவர் இடுப்புத் துண்டோடு குனிந்து ஏற்றனர். 1952-ஆம் ஆண்டின் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னரே அவர்தம் கூலி சட்டப்படி உரிமையாயிற்று. உரியதைக் கொடுத்துவிட்டுத் தானம் என்று பெயரிடுவது, பிறர் பொருளைத் தன் பொருளாகக் காட்டுவதாகும். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணிக்குப் பொங்கலன்று தரும் புடைவை அன்பளிப்பு. ஆனால் திங்கள் தவறாது தரவேண்டிய ஊதியம் அன்பளிப்பு அன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைத்தல் ஆகாது.

6. சுவாமிமலை காட்டும் இரு பாடங்கள்

கும்பகோணத்தை அடுத்துக் காவிரிக் கரையில் நாம் வாழும் சுவாமிமலை, இப்பொருளில் இரு பாடங்களை நாள்தோறும் காட்டுகிறது.

இவ்வூர்ச் சிற்பியர் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்ப்பர். படிமம் செய்யச் சொன்ன குடும்பத்தார், உருகும் உலோகத்தில் தம் கையால் சிறிது பொன்னோ வெள்ளியோ இடுவதும் உண்டு. மூதாட்டி இட்ட மூக்குத்தியும் செல்வர் இட்ட காசும் அக்குழம்பில் ஒன்றாகும். வார்த்தபின், இப்பொன் இன்னாருடையது என எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. கொடை அவ்வாறு கலந்துவிடுதல் நன்று.

சைவப் பெருமக்கள் இவ்வூரைத் தந்தைக்கு மைந்தன் உபதேசித்த தலம் என்பர். தந்தை மாணாக்கனாக நின்று மகனிடம் பொருள் கேட்டார் என்பது அவர்தம் புராணம். நம் சமயம் வேறாயினும், கல்விக் கொடையைப் பற்றிய ஓர் உண்மையை இதில் ஏற்றுக்கொள்ளலாம்: கொடுப்பவர் இளையவராயினும் ஏற்பவர் பணிவோடு ஏற்றல் வேண்டும். இன்று பேரப்பிள்ளை கைபேசியைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தரும்போது, "நேற்றுப் பிறந்தவன் எனக்குச் சொல்வதா?" என்று சினவாமல் கேட்டுக்கொள்ளும் தாத்தா, சாத்திரதானத்தை முறைப்படி ஏற்பவரே.

7. பள்ளியில் கண்டது

ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு நாம் வழக்கமாகக் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு பள்ளியில் செல்வர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள் வழங்கினார். ஏழை மாணவர் பட்டியல் என்று உரக்கப் படித்து, ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தனர். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பெயர் வந்தபோது எழுந்திருக்கவில்லை. அருகிருந்த தோழியிடம், "எனக்கு வீட்டில் இருக்கிறது" என்றாள். அவள் வீட்டில் இல்லை என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. மறு ஆண்டு, பிள்ளைகள் வருமுன் எல்லா மேசைகளிலும் குறிப்பேடுகளை வைத்துவிட்டோம். அச்சிறுமி முதல் பக்கத்தில் தன் பெயரை அழகாக எழுதிக்கொண்டாள். பொருள் ஒன்றே, விதி மட்டும் மாறியது.

நாட்டின் திட்டங்களும் இத்திசையிலேயே நடந்துள்ளன. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிற்று; 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப்பள்ளி அனைத்துக்குமாக 2023-இல் நம் காவிரிப் படுகைத் திருக்குவளையில் விரிவாக்கப்பட்டபோது, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் உரியதாயிற்று. எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்தால், ஏழை யார் என்று தட்டு காட்டிக்கொடுப்பதில்லை.

8. இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கன

இதுகாறும் கண்டவற்றால், கொடையின் தரத்தை ஏற்றவரின் நிலையைக் கொண்டே அறியவேண்டும் என்பது பெறப்படும். ஏற்றபின் அவர் நிமிர்ந்து நிற்கிறாரா, குனிந்து ஒதுங்குகிறாரா என்று நோக்குக. ஜப்பானியரின் பாதித் திருப்பமும், சீனரின் மும்முறை மறுப்பும், சத்திரத்து அரிசியும், முனிவர்க்கு நாம் இடும் உயர்ந்த இருக்கையும் ஏற்பவரின் மதிப்பைக் காக்கும் வேலிகளே. நம் இல்லங்களில் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, கொடுக்குமுன் கேட்டறிக. சிரேயாம்சனுக்கு முற்பிறப்பு நினைவு துணை செய்தது. நமக்கு ஒரு சொல் போதும். "அத்தை, தங்களுக்கு இப்போது எது உதவியாக இருக்கும்?" என்று கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

இரண்டாவது, காலம் அறிந்து கொடுக்க. பள்ளி திறக்கும்போது வேண்டிய கட்டணம் ஐப்பசியில் வருமாயின் பயன் என்ன?

மூன்றாவது, திருமண வீட்டார் வசதி குறைந்த உறவினரை நேரில் அழைக்கும்போதே, "மாமா, மொய் ஒன்றும் வேண்டா, தாங்கள் முன்னின்று பிள்ளைகளை வாழ்த்தினால் போதும்" என்று கூறுக. பத்திரிகையில் அச்சிடுவதினும் இதுவே நன்று. பழைய மொய்யேட்டில் திருப்ப இயலாதார் வரிகளைத் தம் கையாலேயே அடித்துவிடுக. அதனை அவர்க்கும் பிறர்க்கும் அறிவித்துப் பெருமை கொள்ளாதிருக்க.

நான்காவது, பிறர் கொடுப்பதை முகமலர்ந்து ஏற்க. எளியவர் தம் தோட்டத்து வாழைக்காயைக் கொணர்ந்தால், "எதற்கு இதெல்லாம்?" என்று தள்ளுதல் பணிவு ஆகாது. கொடுக்கும் இன்பம் செல்வர்க்கே உரியதன்று. அவர் கொடுத்ததை அன்றே சமைத்து, நன்றாக இருந்தது என்று மறுநாள் ஒரு சொல் கூறுக.

ஐந்தாவது, கொடுத்ததைப் பின்னர்ச் சொல்லிக்காட்டாதிருக்க. பிணக்கு நேர்ந்தபோது, "உன் படிப்புக்கு நான் கட்டிய பணம்" என்று தொடங்கும் ஒரு தொடர், பல ஆண்டு அறத்தை ஒரு நொடியில் விற்பனையாக்கிவிடும்.

குடும்பத்தோடு அமர்ந்து எண்ணுவதற்குச் சில வினாக்கள்

1. ஆதிபகவனுக்கு மணியும் யானையும் கொடுக்க முன்வந்தோரிடம் குறைந்தது யாது? அத்தகைய கொடையை நாம் எவர்க்கேனும் அளித்ததுண்டா?

2. தானத்தின் நான்கு உறுப்புகளைக் கூறி, சத்திரத்து நள்ளிரவு மணி எவ்வுறுப்பில் அடங்கும் என விளக்குக.

3. மொய்யையும் ஜப்பானியர் வழக்கையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள நலம் ஒன்றையும் இடர் ஒன்றையும் கூறுக.

4. நம் வீட்டில் ஊதியமாக வழங்கவேண்டியது எதனையேனும் அன்பளிப்பு என்று சொல்லி வருகிறோமா?

5. சென்ற திருமணத்துக்கு வராத உறவினர் யார்? ஏன் வரவில்லை?

ஐந்தாம் வினாவுக்கு விடை ஏட்டில் எழுதவேண்டா. வரும் ஞாயிறன்று பழமோ பூவோ எடுத்துக்கொண்டு அவர் இல்லத்துக்கே சென்று, அவர் தரும் ஒரு குவளை நீரை அமர்ந்து பருகி வருக.